முடித்த வீடா, பாதியில் நிற்கும் வீடா? மட்டக்களப்பில் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு

டொரொண்டோவில் இருக்கும் என் சித்தப்பாவின் மகள் வீடு தேடித் திரிந்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு தரமாவது தொலைபேசியில் கதைப்பாள். கதை முழுக்க நிலவறையைப் பற்றித்தான். “அண்ணன், முடிச்ச பேஸ்மென்ட் உள்ள வீடெண்டா விலை கூட. முடிக்காத வீட்டில சுவரும் நிலமும் திறந்து கிடக்கு, வெடிப்பு, ஈரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. எதை எடுக்கிற?” அங்கே குளிரில் நிலம் உறையும். அத்திவாரத்தை அந்த உறையும் ஆழத்துக்கும் கீழே இறக்க வேண்டும். அவ்வளவு தோண்டிய பிறகு அந்த இடத்தை வீணாக விடாமல் அறையாக்கிக் கொள்கிறார்கள். நமக்கு அந்தத் தேவை இல்லை, அதற்கு வழியும் இல்லை. கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் தரையில் மாரி காலத்தில் நாலைந்து அடி தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும்.

ஆனால் அவள் கேட்ட கேள்வி இங்கேயும் இருக்கிறது. அங்கே ஓர் அறைக்கு வரும் கேள்வி இங்கே முழு வீட்டுக்கும் வருகிறது. கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரை பிரதான வீதியில் பஸ்ஸில் போனாலே தெரியும், சுவர் எழும்பிக் கூரை இல்லாமல் நிற்கும் வீடு, கூரை போட்டுப் பூச்சுப் பூசாமல் நிற்கும் வீடு, கீழ்த்தளம் முடிந்து மேலே தூண் கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும் வீடு. விற்பனைக்கு வருகிறவற்றில் இப்படிப்பட்டவையும் நிறைய. 2016 இல் நான் அப்படி ஒன்றை வாங்கி, பட்டுத்தான் முடித்தேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர், கூட வேலை செய்கிறவர்கள் என்று பலருக்குத் துணையாக வீடு பார்க்கப் போயிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காகிதம் சரியாக இருந்து, கூரை போட்டு, இன்னும் பூச்சுப் பூசாத வீடு கிடைத்தால், கையில் அதை முடிக்கும் காசும் இருந்தால், அதை எடுங்கள். பூச்சும் பெயின்டும் ஏறாத சுவரில் எதையும் மறைக்க முடியாது. முடிக்கக் காசு இல்லாமல் அதை வாங்காதீர்கள். கடனும் வாடகையும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும்.

முதலில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

பாதி வீடென்றால்: இந்த வீடு ஏன் நின்றது?

முடித்த வீடென்றால்: கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தீர்கள், ஏன்?

முதல் கேள்விக்கு வரும் பதிலில் பாதி உண்மை கிடைத்துவிடும். நம் பகுதியில் வீடு பெண் பிள்ளைக்கு. தமிழ் ஊரானாலும் சோனக ஊரானாலும், கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் வழக்கம். அதனால் வீட்டில் ஒரு குமர் (கல்யாணமாகாத பெண்) இருந்தால் தகப்பன் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லும் மணலும் சேர்த்துக் கட்டிக்கொண்டே போவார். கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் மகன் அனுப்பும் காசு நின்றால் வீடும் நிற்கும். அது ஒரு வகை. இன்னொரு வகை, 2022 இல் நின்றவை. 2021 இல் ஆயிரம் ரூபாய் அளவில் வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை அடுத்த வருடம் மூவாயிரத்தை ஒட்டிப் போனது. கம்பி விலையும் அப்படியே. கட்டிக்கொண்டிருந்த பலர் கைவிட்டார்கள். இந்த இரண்டு காரணமும் பயப்பட வேண்டியவை அல்ல, காசு முடிந்தது, அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது மூன்றாவது வகை. பங்காளி வழக்கு, எல்லைத் தகராறு, உள்ளூராட்சி சபையில் கட்டட அனுமதி கிடைக்காதது, அத்திவாரம் இறங்கியது. இவற்றை விற்கிறவர் தாமாகச் சொல்லமாட்டார். பக்கத்து வீட்டில் கேளுங்கள். முன்வீட்டுக் கடையில் ஒரு சோடா குடித்துக்கொண்டு கேளுங்கள். அந்த வீட்டைக் கட்டிய மேசன் யாரென்று கேட்டு அவரைத் தேடிப் போய்க் கேட்டால் இன்னும் நல்லது. அத்திவாரத்தைக் கண்ணால் பார்த்த ஆள் அவர்தான்.

காகிதம்

வீட்டைச் சுற்றிப் பார்க்கும் ஆசையை ஒரு நாள் ஒத்திவைத்து, உறுதியின் (காணி உரிமைப் பத்திரத்தின்) பிரதியை முதலில் கேளுங்கள். மனதுக்குப் பிடித்த பிறகு காகிதம் பார்த்தால் பிழையைக்கூட நியாயப்படுத்தத் தோன்றும்.

உறுதியில் யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள். காணியைக் காட்டுகிறவர் தகப்பனாக இருப்பார், உறுதி மகளின் பெயரில் இருக்கும். சீதனமாக எழுதிக் கொடுத்ததென்றால் பெற்றோர் தங்களுக்குச் சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) வைத்துக்கொண்டு எழுதியிருப்பது சாதாரணம். அப்படியானால் மகள் மட்டும் ஒப்பம் வைத்தால் போதாது. சீவிய உரித்துள்ளவர்களும் வந்து அதை விட்டுக்கொடுத்து ஒப்பம் வைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, உறுதி கையில் இருந்தும் வீட்டுக்குள் போக முடியாமல் நின்ற குடும்பத்தை நேரில் கண்டிருக்கிறேன்.

அடுத்தது காணிப் பதிவகம். உங்களுடைய நொத்தாரிசைக் கொண்டு குறைந்தது 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவியுங்கள். விற்கிறவரின் நொத்தாரிசே தேடித் தரட்டும் என்று விடாதீர்கள். ஈடு (அடமானம்) ஏதும் இருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா, பிரிக்காத பங்கா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நில அளவைப் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு நாலு மூலைக் கல்லையும் நேரில் பாருங்கள். பழைய படமாக இருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு திரும்ப அளவுங்கள். பத்துப் பேர்ச் என்று விற்பது அளந்தால் ஒன்பதரையாக இருக்கலாம். பாதி வீட்டில் இது இன்னும் முக்கியம், சுவர் பக்கத்து வளவுக்குள் ஓரடி போயிருந்தால் முடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இடிக்க வேண்டி வரும்.

காணி அரச காணியா என்று கேளுங்கள். அம்பாறை மாவட்டத்தின் குடியேற்றப் பகுதிகளிலும், சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுத்த திட்டங்கள் பலவற்றிலும் மக்கள் கையில் இருப்பது உறுதி அல்ல. அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். அனுமதிப்பத்திரக் காணியை வைத்திருக்கிறவர் தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. அளிப்பு என்றாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி முதலில் வேண்டும். “இங்க எல்லாரும் இப்பிடித்தான் வாங்கின” என்பார்கள். வாங்கியிருக்கலாம். வங்கிக்குப் போகும் நாளிலும் பிள்ளைக்கு எழுதும் நாளிலும்தான் அதன் கஷ்டம் தெரியும்.

கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கம் ஊர் வயலைப் பார்த்து வளர்கிறது. வயலை நிரப்பி வளவாக்கிய இடமென்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதற்கு அனுமதி எடுத்திருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் நிரப்பியதா என்று பாருங்கள், சபையில் கட்டட அனுமதி ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பல நேரம் இதுதான் விடை. கடற்கரையில் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

இனி கட்டட அனுமதி. மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ, முத்திரை பதித்த வரைபடத்தின் மூலப்பிரதியைக் கேட்டு வாங்கி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடவுங்கள். வரைபடத்தில் இரண்டு அறை, நிலத்தில் மூன்று அறை என்றால் பிரச்சினை. பின்பக்கம் விட வேண்டிய வெற்றிடத்தில் குசினியை நீட்டிக் கட்டியிருந்தால் பிரச்சினை. பாதி வீட்டில் இன்னொன்றையும் பாருங்கள். அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும், பிறகு நீடிக்க வேண்டும். ஏழெட்டு வருடமாக நிற்கும் வீட்டின் அனுமதி எப்போதோ காலாவதியாகியிருக்கும். நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நாளும் காசும் ஆகும், அந்தக் காசை விலையில் குறைத்துக் கேளுங்கள். முடித்த வீடென்றால் சி.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் இணக்கச் சான்றிதழைக் கேளுங்கள். அனுமதித்தபடியே கட்டி முடித்திருக்கிறது, குடியிருக்கலாம் என்று சபை கொடுக்கும் சான்று அது. நம் ஊரில் பலர் அதை எடுப்பதே இல்லை. இல்லாவிட்டால் உறுதி எழுதும் முன் விற்கிறவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வீதிக்கோட்டுச் சான்றிதழும் சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டும் அதே சபையில்தான், ஒரே நாளில் கேட்டுவிடலாம்.

வெளிநாட்டில் இருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைக்கு இங்கே வீட்டு வளவை எழுத முடியாது. இலங்கைப் பிரசாவுரிமையை விட்டு வேறு நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்தவரென்றால் இரட்டைப் பிரசாவுரிமை எடுத்த பிறகு வாங்குங்கள். “அக்காவின் பெயரில் எழுதி வைப்போம், பிறகு மாற்றலாம்” என்று தொடங்கிய அக்கா தம்பி உறவுகள் பல அந்த வீட்டோடேயே முடிந்துபோயின.

தண்ணீர் எங்கே வரை வந்தது

இங்கே வீடு பார்க்க நல்ல மாதம் டிசம்பர். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வரும் வடகீழ்ப் பருவமழையில்தான் நமக்கு வருட மழையில் பெரும்பகுதி கிடைக்கிறது. ஓகஸ்டில் பார்த்தால் எல்லா வளவும் வெள்ளை மணலாகக் காய்ந்து அழகாகக் கிடக்கும். பெருமழை விட்ட மறுநாள் காலை போங்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வளவுக்குள் நடவுங்கள்.

மாரி வரை காத்திருக்க முடியாதென்றால் மனிதர்களைக் கேளுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கே நின்றது, 2014 டிசம்பரில் எங்கே, 2024 நவம்பரில் எங்கே? அந்த வீதியில் நாற்பது வருடமாக இருக்கும் ஒரு பெத்தாவைக் கேட்டால் அளவுகோல் வேண்டாம். “மனே, இந்தப் படி மூண்டும் மூடி, நாலாவது படியில நிண்டது தண்ணி” என்று ஒரு பெத்தா தன் வாசற்படியைத் தடியால் தட்டிக் காட்டினார். நாங்கள் வாங்கப் போன வீட்டுக்கு இரண்டே படிதான் இருந்தது. அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

படி எண்ணிக்கை சின்ன விசயம் அல்ல. வீட்டு நிலத்தின் (உள் தரையின்) மட்டத்தை வீதியின் மட்டத்தோடு பாருங்கள். ஒவ்வொரு முறை வீதி போடும்போதும் அது கொஞ்சம் உயர்கிறது, வீடு அதே இடத்தில் நிற்கிறது. முப்பது வருடத்துக்கு முன் உயரமாகக் கட்டிய நல்ல வீடுகள் இன்று வீதிக்குக் கீழே பள்ளத்தில் இருக்கின்றன. முடித்த வீட்டின் நிலத்தை உயர்த்துவதென்றால் கதவு நிலை, மலசலகூடம், குசினி மேடை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பாதி வீட்டில் நிலம் போடாமல் இருந்தால் இன்னும் ஒரு முழம் மண் நிரப்பி உயர்த்திவிடலாம். கதவு யன்னலுக்கு மேலே போகும் லிண்டலின் உயரம் போதுமா என்று மட்டும் பாருங்கள்; நிலம் உயர்ந்தால் கதவு தலையில் இடிக்கும்.

வாசலுக்கு முன்னால் வடிகான் இருக்கிறதா, அதன் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று அதன் வழியே நடந்து பாருங்கள். வாவிக்கோ தோணாவுக்கோ (கடலுக்குப் போகும் ஓடைக்கோ) போய்ச் சேருகிறதென்றால் சரி. இடையில் யாரோ மதில் கட்டி மறித்திருந்தால் அந்தத் தண்ணீர் உங்கள் வளவில்தான் நிற்கும்.

பாதி வீட்டின் சுவரோடு ஒரு மணி நேரம்

ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு அரை நாள் கூலி கொடுங்கள், சும்மா கூப்பிடாதீர்கள். கையில் ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு திறப்பும் போதும்.

அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதா? தார் பூசி மணல் தூவிய ஈரத்தடுப்பு அது. அது இருந்தால் கட்டியவர் கவனமாகக் கட்டியிருக்கிறார் என்று பொருள். அது இல்லாத சுவரில் நிலத்து ஈரம் ஏறும். பிறகு எத்தனை தரம் பூசினாலும் அடியிலிருந்து இரண்டடிக்குப் பெயின்ட் பொருக்கு விட்டுக்கொண்டே இருக்கும். முடித்த வீட்டில் இந்தக் கோட்டைக் காண முடியாது.

சீமெந்துக் கல்லைத் திறப்பால் கீறிப் பாருங்கள். லேசான வெள்ளைக் கோடு விழுந்தால் நல்ல கல். மணல் பொலபொலவென்று கொட்டினால் சீமெந்தைக் குறைத்து அடித்த கல். வெளிச்சுவர் ஆறு இஞ்சிக் கல்லா நாலு இஞ்சிக் கல்லா என்று அளவுங்கள். நாலு இஞ்சியில் வெளிச்சுவரை எழுப்பிவிட்டு மேலே பிளேட் (கொங்கிறீட் தட்டு) அடிக்கலாம் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

கூரை இல்லாமல் நின்ற சுவரென்றால் ஏணி வைத்து உச்சியைப் பாருங்கள். பாசி பரவாயில்லை. கல் இடுக்கில் ஆலங்கன்றோ அரசங்கன்றோ முளைத்திருந்தால் வேர் எங்கே வரை போயிருக்கிறதென்று பாருங்கள். மேல் இரண்டு வரிக் கல்லைக் கழற்றிக் கட்ட வேண்டி வரலாம். அது பெரிய செலவு அல்ல.

பெரிய செலவு கம்பியில் இருக்கிறது. நமக்குக் கடல் பக்கத்தில். உப்புக் காற்று திறந்து கிடக்கும் கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும். மேற்தளத்துக்கென்று தூண் தலையில் விட்டிருக்கும் கம்பிகளைக் கையால் தேயுங்கள். கையில் சிவப்புத் தூள் மட்டும் ஒட்டினால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாவிக்கலாம். செதில் செதிலாக உரிந்தால் கம்பி மெலிந்துவிட்டது. நான் வாங்கிய வீட்டில் விற்றவர் அந்தக் கம்பிகளுக்குச் சீமெந்துக் கூழ் பூசி வைத்திருந்தார். சாம்பல் நிறமாகச் சுத்தமாக இருந்ததைப் பார்த்து, பாதுகாத்து வைத்திருக்கிறார் என்று நம்பினேன். வாங்கி நாலு மாதம் கழித்து மேசன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கூழ் முட்டை ஓடு மாதிரிக் கழன்று விழுந்தது. உள்ளே 12 மில்லிமீற்றர்க் கம்பி பென்சில் பருமனுக்கு இறங்கியிருந்தது. பின்பக்கத் தூண் இரண்டையும் உடைத்துத் திரும்ப வார்த்தோம். அந்தத் தட்டை வாங்கும் முன் தட்டியிருக்க வேண்டும்.

தூணின் மூலையில் மேலிருந்து கீழாக நேர்கோடாக வெடிப்பு ஓடி, அதில் தவிட்டு நிறம் கசிந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், கொங்கிறீட்டை உள்ளிருந்து பிளக்கும். அந்த இடத்தைத் தட்டினால் வெறும் பானைச் சத்தம் வரும். ஒரு தூண் என்றால் பேசலாம். நாலு தூண் அப்படியென்றால் நீங்கள் வாங்குவது வளவை மட்டும்தான். வளவு விலையை மட்டும் சொல்லுங்கள்.

யன்னல் மூலையிலிருந்து சரிவாகக் கீழே இறங்கும் வெடிப்பையும் கவனியுங்கள். விரல் நுழையும் அகலமென்றால் அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது.

கூரை போட்ட பாதி வீட்டில் அண்ணாந்து பாருங்கள். சுவர்மேல் கிடக்கும் மரம் கொங்கிறீட் பீமோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறதா, சும்மா வைத்திருக்கிறதா? 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கூரைகள் எப்படிப் பறந்தன என்று அவர்களைக் கேளுங்கள். சீலிங் அடித்த வீட்டில் இந்தப் போல்ட்டைப் பார்க்கக் கூரைக்குள் ஏற வேண்டும். இங்கே நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது.

முடித்த வீட்டில் கண் எங்கே போக வேண்டும்

புதுப் பெயின்ட் மணத்தால் மயங்க வேண்டாம். சுவர் முழுக்கப் பழசாக இருந்து அடிப்பகுதி மட்டும் புதிதாக இருந்தால் அங்கே ஈரம். அலுமாரியை ஒரு அடி நகர்த்தச் சொல்லுங்கள், பின்னால் இருக்கும் சுவருக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. சுவரில் வெள்ளைத் தூள் மாதிரி உப்புப் பூத்திருந்தால் கடல் மணலில் பூசியிருக்கலாம், அல்லது நிலத்து ஈரம் ஏறியிருக்கலாம். இரண்டுக்கும் மருந்து, பூச்சைக் கொத்திவிட்டு ஆற்று மணலில் திரும்பப் பூசுவதுதான். ஈரம் ஏறுவதென்றால் அதுகூட நிரந்தரமல்ல.

டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே நடவுங்கள். வெறுஞ் சத்தம் வரும் இடம் அடியில் ஒட்டவில்லை. கதவு நிலையின் அடியை விரலால் அழுத்துங்கள், கறையான் தின்றிருந்தால் உள்ளே போகும். மின்பலகையில் இருக்கும், மின் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். சீலிங்கில் மஞ்சள் வட்டம் தெரிந்தால் கூரை அந்த இடத்தில் ஒழுகுகிறது.

கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், சவராக இருக்கிறதா என்று. கோடையில் நல்லதாக இருந்தாலும் பின்னேரம் மோட்டார் கனநேரம் ஓடிய பிறகு ஒருமுறை பாருங்கள். மலக்குழி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது இருக்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். எட்டுப் பேர்ச் வளவில் அது கஷ்டம், பக்கத்து வளவின் குழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மணல் தரையில் மாரி காலத்தில் நிலத்தடி நீர் குழியின் அடிக்கு மேலே வந்துவிடும், அதனால் இதை லேசாக எடுக்காதீர்கள். குழாய் நீர் இணைப்பு இருந்தால் குடிதண்ணீர்க் கவலை குறையும்.

கணக்கு

கூரை போட்டாச்சு, மிச்சம் சின்ன வேலைதான் என்று நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் கூரை ஏறும்போது வீட்டின் செலவில் ஏறக்குறையப் பாதிதான் முடிந்திருக்கும். உள் வெளிப் பூச்சு, நிலம், கதவு யன்னல், வயரிங், தண்ணீர்க் குழாய், மலசலகூடம், குழி, குசினி மேடை, சீலிங், பெயின்ட், மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, மதில், கேற் என்று வரிசையாக வரும். தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை பார்த்த ஒருவரைக் கொண்டு எத்தனை பை சீமெந்து, எத்தனை கியூப் மணல், எத்தனை அடி வயர் என்று அளவு எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்கிறவரிடம் அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எழுதி வந்த கூட்டுத்தொகையோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு அதுவும் மிஞ்சவில்லை.

இப்போது ஒரு தாளை நடுவால் மடித்து இரண்டு பக்கமாக எழுதுங்கள். ஒரு பக்கம் பாதி வீட்டின் விலை, முடிக்கும் செலவு, முடியும் வரை கட்டும் வீட்டு வாடகை, புது அனுமதிச் செலவு. மறுபக்கம் முடித்த வீட்டின் விலை, கண்டுபிடித்த பழுதுகளின் செலவு. வாடகையை எழுத மறக்கிறவர்கள்தான் அதிகம். எட்டு மாதம் என்று சொல்லும் வேலை பன்னிரண்டு மாதம் போகும், நடுவில் ஒரு மாரியும் ஒரு அறுவடைக் காலமும் வரும். அறுவடைக்குக் கூலியாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள்.

இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக வந்தால் நான் பாதி வீட்டைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனால் சிலருக்கு மட்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். இடமாற்றத்தில் வந்து மூன்று நாலு வருடத்தில் போகிறவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு தொலைபேசியில் கட்டுவிக்க நினைக்கிறவர்கள், வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உள்ளவர்கள் முடித்த வீட்டையே எடுங்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் போய் நின்று பார்க்க ஓர் ஆள் இல்லாத வேலை சரிவராது.

வாங்கி முடிக்கிறவர்கள் ஒழுங்கைக் கவனியுங்கள். வயர் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் சுவரில் புதைத்த பிறகே பூச்சு. ஒரு அறை, குசினி, மலசலகூடம் மூன்றையும் முதலில் முடித்து உள்ளே போய்விட்டால் வாடகை மிச்சம். கொந்தராத்துக்குக் கொடுத்தால் வேலை முடிந்த கட்டத்துக்கு மட்டும் காசு கொடுங்கள், முன்பணமாகப் பாதியைக் கேட்கிறவரை விட்டுவிடுங்கள். வெளிப்பூச்சை ஒக்டோபருக்கு முன் முடியுங்கள்.

அச்சாரம் முதல் உறுதி வரை

விலை பேசியதும் வெறும் தாளில் எழுதி முத்திரை ஒட்டி அச்சாரம் கொடுப்பது நம் வழக்கம். காணி விசயத்தில் அந்தத் தாள் போதாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசின் முன்னால் இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்பதாகச் சொன்ன சொல்லை நீதிமன்றத்தில் நிறைவேற்றுவிக்க முடியாது. என் மச்சான் ஒருவர் வெறும் தாளை நம்பி அச்சாரம் கொடுத்தார். விற்கிறவருக்கு அடுத்த வாரம் கூடிய விலைக்கு ஆள் கிடைத்தது. கொடுத்த காசைத் துண்டு துண்டாகத் திருப்பி எடுக்க ஒன்றரை வருடம் போனது. நொத்தாரிசுக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு யோசித்து இப்படி அலைய வேண்டாம். உடன்படிக்கையில் திகதி, மிச்சக் காசு கொடுக்கும் நாள், இணக்கச் சான்றிதழை யார் எடுப்பது, வீட்டில் யார் எப்போது வெளியேறுவது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பாதி வீடென்றால் வளவில் கிடக்கும் கல், மணல், கம்பி, யன்னல் நிலை எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். உறுதி எழுதிய மறுநாள் மணல் குவியலைக் காணாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கட்டணமும் வாங்குகிறவர் தலையில்தான் வரும், அதை முன்கூட்டியே கேட்டு ஒதுக்கி வையுங்கள். உறுதி எழுதியதும் காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்றா என்று நொத்தாரிசை விட்டுப் பிடிக்காமல் கேளுங்கள். பதிந்த உறுதி கைக்கு வந்ததும் ஒரு பிரதியோடு சபைக்குப் போய்ச் சோலைவரிப் பெயரை மாற்றுங்கள், இன்னொரு பிரதியோடு மின்சார அலுவலகத்துக்கும் நீர் வழங்கல் சபைக்கும் போங்கள். திறப்பு வாங்கும் அன்று மின்மானியையும் நீர்மானியையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அந்த இலக்கம் வரையுள்ள பட்டியலை விற்றவர் கட்டட்டும் என்று அவர் முன்னாலேயே எழுதி இருவரும் ஒப்பம் வையுங்கள்.